விதைக்கிழங்கும் நமது பழஞ்சாக்கும்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளையும். உருளைக்கிழங்கு தச்சநல்லூர் கடைகளுக்கு வெளியூர்ச் சரக்குதான். ஆகவே, விதைக்கிழங்கைப் பற்றி நமக்கென்ன என்று கேட்கத் தோன்றும். ஆனால் கிழங்கு சிறுத்து வருவதும், விளைச்சல் குறைந்து விலை ஏறுவதும் பல சமயம் விதையிலேயே தொடங்குகின்றன.

நெல் விதை கிலோக் கணக்கு. உருளைக்கோ ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு டன் விதை வேண்டும். சிறு விவசாயியின் கைமுதலில் பெரும்பங்கு இதற்கே போய்விடுகிறது. அதனால் அவர் சொந்தக் கிழங்கையே ஆண்டுதோறும் எடுத்து நடுகிறார். கிழங்கையே நடுவதால் அதிலுள்ள நச்சுயிரி நோயும் கூடவே இறங்கி, விளைச்சல் படிப்படியாகக் குறைகிறது.

இந்நோயைப் பரப்புவது அசுவினிப் பூச்சி. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஒரு வழி கண்டது. பஞ்சாபின் ஜலந்தர் போன்ற சமவெளிப் பகுதிகளில், அசுவினி குறைந்த குளிர்காலத்தில் விதைப்பயிர் வளர்த்து, பூச்சி பெருகுமுன் செடியின் தண்டை அறுத்துவிடுகிறார்கள். கிழங்கு மண்ணுக்குள்ளேயே தோல் முற்றுகிறது. எளிய வேலைதான். ஆனால் இன்னும் பருக்கக்கூடிய கிழங்கின் எடையை விட்டுக்கொடுக்க வேண்டும். விதைக்கு நல்ல விலை கிடைத்தாலன்றி எந்த விவசாயி அறுப்பார்?

நீலகிரியில் தொல்லை வேறு. 1961-ல் அங்கே தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் தங்கிச் சாற்றை உறிஞ்சும் புழு இது. கடுகைவிடச் சிறிய கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். உருளை பயிரிடாவிட்டாலும் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். கொடைக்கானல் மலையிலும் இது உண்டு. இதை எதிர்த்து நிற்கும் குப்ரி சொர்ணா இரகம் 1985-ல் வெளிவந்தது. ஊட்டியை அடுத்த முத்தோரையில் உள்ள ஆராய்ச்சி நிலையம் இவ்வகையில் செய்துவரும் பணி பெரிது. நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை போடப்பட்டது; சமையல் கிழங்குக்குத் தடையில்லை. 2018-ல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கும் இதே புழுவின் பொருட்டு மத்திய அரசு தடை விதித்தது.

நமது பங்கு இங்கேதான் வருகிறது. இப்புழு தானாக ஊர் தாண்டாது. கிழங்கில் ஒட்டிய மண்ணிலும் சாக்கிலும் ஏறித்தான் பயணம் போகும். நாமோ காலிச் சாக்கை உதறாமல் கட்டிப் பழஞ்சாக்கு வியாபாரியிடம் போடுகிறோம். அது எந்த மலைக்குத் திரும்புகிறது என்று யார் பார்த்தார்கள்? மலைச்சரக்கு வந்த சாக்கைத் தனியே வைத்து, கரி கட்டுவோருக்குக் கொடுக்கலாம். உதறிய மண்ணைத் தோட்டத்தில் கொட்ட வேண்டாம். தக்காளியும் கத்தரியும்கூட இப்புழுவுக்கு இரையாகும்.

கடைச் சரக்கை விதைக்கென்று யார் கேட்டாலும் கொடுப்பது சரியல்ல. முளைவிட்டுப் பச்சையேறிய கிழங்கு சமையலுக்கும் ஆகாது, நச்சு உண்டு. அதைக் கழித்துக்கட்டுவதே நல்லது.

மேட்டுப்பாளையம் மண்டியில் நேரடிக் கொள்முதல் செய்யும் நம்மவர்கள் விவசாயிக்கு முன்பணம் கொடுப்பதானால், சான்று அட்டை உள்ள விதை வாங்குவதற்கென்றே கொடுக்கலாம். மண் நீக்கி வரும் சரக்குக்கு மூட்டைக்குச் சில ரூபாய் கூடத் தந்தாலும் எடையில் அது நமக்குத் திரும்பிவிடும்.