சைதாப்பேட்டையில் முடிவாகும் சிறை: சட்ட உதவிப் பணிக்கு வரும் இளம் வழக்கறிஞருக்கு



மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் கைதாகிறவர்களுக்காகச் சைதாப்பேட்டை நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவிப் பணியைத் தொடங்கும் ஒருவர் முதலில் தெளிவுபெற வேண்டியது, சிறை யாருடைய பொறுப்பு என்பதில்தான். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலங்களுக்குரிய அதிகாரங்களைக் கூறும் பட்டியலின் 4ஆம் இனமாகச் சிறைகள் இடம்பெற்றிருப்பதால், சென்னையில் சிறை கட்டுவதும் நடத்துவதும் மாநில அரசின் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் வேலையாக இருக்கிறது. மாநகராட்சிக்கு அதில் அதிகாரம் இல்லை. தெருவிளக்கும் குப்பையும் மாமன்றத்தில் பேசப்படுகின்றன, சிறை பேசப்படுவதில்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு, தடுப்புக் காவலில் இருப்பவர் நீங்கலாக, சிறையிலிருப்பவர் எவருக்கும் வாக்களிக்கும் உரிமையை மறுப்பதால், தேர்தலில் நிற்பவர்களுக்கும் கைதிகளைத் தேடிச் செல்லும் தேவை எழுவதில்லை.

உள்ளூர் ஆட்சியிடமே சிறை இருந்தால் நிலைமை மேம்பட்டிருக்கும் என்று எண்ணுவதற்கும் வரலாறு இடம் தரவில்லை. அமெரிக்காவில் இன்றும் விசாரணைக் கைதிகளையும் குறுகிய காலத் தண்டனை பெற்றவர்களையும் வைக்கும் சிறைகளைப் பெரும்பாலும் கவுன்டி எனப்படும் மாவட்ட ஆட்சி அமைப்புகளே நடத்துகின்றன. இங்கிலாந்திலும் அவ்வாறே இருந்தது. 1773இல் பெட்ஃபோர்டுஷயர் கவுன்டியின் ஷெரீஃபாகப் பொறுப்பேற்ற ஜான் ஹோவர்டு, குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்களும் சிறைக் காவலருக்குரிய கட்டணத்தைச் செலுத்த வழியில்லாமல் உள்ளேயே கிடப்பதைக் கண்டார். காவலருக்குக் கவுன்டி சம்பளம் தராமல், கைதிகளிடம் வசூலித்துப் பிழைத்துக்கொள்ள விட்டிருந்ததே அதற்குக் காரணம். நூறாண்டுகளுக்குப் பிறகு, 1877ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத்தான் அச்சிறைகள் அனைத்தும் மைய அரசின் கைக்கு வந்தன. இந்தியாவின் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமும், மாகாணம் முழுவதற்கும் ஒரு தலைமை அதிகாரி என்ற ஏற்பாட்டையே கொண்டிருந்தது.

மேலிடத்தின் ஆட்சி மட்டும் கைதியைக் காத்துவிடும் என்பதும் இல்லை. 1837 முதல் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இயங்கிய சென்னை மத்திய சிறையில், நெருக்கடிநிலையின்போது, 1976 பிப்ரவரியில் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் அடைக்கப்பட்டவர்கள் அடிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவரான சிட்டிபாபு இதே நகரின் மேயராக இருந்தவர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் உயிரிழந்தார். அந்தக் கொடுமைகளை விசாரித்து வெளிக்கொணர நீதிபதி மு.மு. இஸ்மாயில் ஆணையம் தேவைப்பட்டது. நகரின் முதல் குடிமகனாக இருந்தவருக்கே நேர்ந்தது அது என்பதை இளம் வழக்கறிஞர் மறக்கலாகாது.

இன்று மத்திய சிறையின் மதில் புழலில் இருந்தாலும், அதற்குள் எத்தனை பேர், எத்தனை நாள் இருப்பார்கள் என்பது பெருமளவு சைதாப்பேட்டையில்தான் முடிவாகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு. அந்த முதல் நாளிலேயே அரசின் செலவில் வழக்கறிஞர் இருக்க வேண்டும் என்பது, பாகல்பூரில் காவல்துறையினரால் கண்கள் பறிக்கப்பட்டவர்களின் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த உரிமை. வழக்கில் வேறெந்த நாளையும்விட இந்த நாளே பெரியது. கைதுக்கான காரணம் எழுத்தில் தரப்பட்டதா, உடலில் காயம் உண்டா, வீட்டாருக்குத் தகவல் போயிற்றா, கைதானவர் 18 வயது நிரம்பியவர்தானா என்ற கேள்விகளை ரிமாண்ட் உத்தரவில் கையெழுத்து விழுவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். கையெழுத்து விழுந்தபின் அவற்றைக் கேட்க உயர் நீதிமன்றம்வரை போக நேரும். காவல் நீட்டிப்பு இப்போது பெரும்பாலும் காணொலியில் நடப்பதால், திரையில் தெரியும் முகத்தோடு நின்றுவிடாமல், கைதியிடம் தனியாகப் பேச அனுமதி கேட்பதும் வழக்கறிஞரின் வேலையே.

ரிமாண்டுக்குப் பின் ஆண்களில் சிலர் சைதாப்பேட்டை கிளைச் சிறைக்கும் மற்றவர்கள் புழலுக்கும் அனுப்பப்படுகின்றனர். பெண்கள் புழலிலுள்ள தனிச் சிறைக்குச் செல்கின்றனர். 2006இல் மத்திய சிறை புழலுக்கு மாறியபோது நெரிசல் குறைந்தது உண்மையே. ஆனால் மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்து பிழைக்கும் ஒரு தாய், மகனை மனு போட்டுப் பார்க்க, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பேருந்து மாறிப் போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருக்கிறது. சிறையை எங்கே கட்டுவது என்று முடிவுசெய்கிறவர்கள் இந்தக் கூலியைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சேர்த்திருக்க வேண்டும்.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாமல் இருப்பவர்களே இப்பணியின் மையம். உத்தரவில் இரண்டு ஜாமீன்தாரர்கள் கேட்கப்படுகின்றனர். அவர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சில வேளைகளில் சேர்ந்துகொள்கிறது. அவர்களது ஆதார் அட்டை அல்லது வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலைப் பெற்று நடுவர் சரிபார்ப்பார். வெளிமாவட்டத்திலிருந்தோ வெளிமாநிலத்திலிருந்தோ கட்டட வேலைக்கு வந்தவருக்கு இந்த நகரில் உறவும் இல்லை, ஜாமீன் நிற்பவரும் இல்லை. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கில், 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டதையும், வேறு மாவட்டத்தில் சொத்து இருப்பதால் அவருடைய சகோதரரை ஏற்க மறுத்ததையும் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கண்டித்து, 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடுவிக்கச் சொன்னார். ஹோவர்டு கண்ட கட்டணத்துக்கும் இந்த ஜாமீன் நிபந்தனைகளுக்கும் நெடுந்தொலைவு இல்லை.

ஆகவே ஜாமீன் உத்தரவு பெற்றதோடு வழக்குக் கட்டை மூடி வைப்பது இப்பணியில் தவறு. உத்தரவு வந்த 7 நாட்களுக்குள் ஒருவர் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதத்துக்குள் ஜாமீன் பத்திரம் தாக்கலாகாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது. அதே ஆண்டில் ஒன்றிய அரசு கொண்டுவந்த ஏழைக் கைதிகள் உதவித் திட்டத்தில், ஜாமீன் தொகைக்கான உதவி பெற மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். இவை தாளில் இருக்கின்றன. அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, தேதி குறித்துக்கொண்டு நினைவூட்ட ஒருவர் இல்லாவிட்டால் அவை தாளிலேயே இருந்துவிடும்.

நாட்களை எண்ணும் பழக்கமும் அவசியம். குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், கேட்ட மாத்திரத்தில் ஜாமீன் பெறும் உரிமை பிறக்கிறது. கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அவ்வுரிமை போய்விடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எக்குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், தம்மீது சாட்டப்பட்ட குற்றத்துக்கான உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரைப் பிணையில் விடச் சொல்கிறது. தூக்குத் தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இதற்கான விண்ணப்பத்தைச் சிறைக் கண்காணிப்பாளரே அனுப்ப வேண்டும். மாவட்ட நீதிபதியின் தலைமையிலான விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழுவும் இத்தகைய பெயர்களைப் பார்க்கிறது. தம்முடைய கட்சிக்காரரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரித்து அறிவது வழக்கறிஞரின் பொறுப்பு. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காவல் ஆணையர் பிறப்பிக்கும் குண்டர் தடுப்புக் காவல் தனி வழி. அங்கே ஜாமீன் இல்லை, அறிவுரைக் கழகமும் ஆட்கொணர்வு மனுவும்தான் உண்டு.

மாநகராட்சிக்குச் சிறையில் அதிகாரம் இல்லை என்ற கூற்றுக்கு ஒரு சிறிய விதிவிலக்கு உண்டு, அது பிறப்புப் பதிவு. 2006இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், சிறையிலிருக்கும் தாய் 6 வயது வரை குழந்தையைத் தன்னுடன் வைத்துக்கொள்ளலாம் என்றும், காவலில் இருக்கும் காலத்தில் பிறக்கும் குழந்தையின் பிறப்பை உள்ளூர்ப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்றும், பிறந்த இடமாகச் சிறையைக் குறிக்காமல் அப்பகுதியின் முகவரியை மட்டுமே எழுத வேண்டும் என்றும் ஆணையிட்டது. புழல் பெண்கள் சிறைக்குச் செல்லும் வழக்கறிஞர், வழக்குக் கட்டுடன் அந்தப் பிறப்புச் சான்றிதழையும் ஒருமுறை வாங்கிப் பார்த்து, முகவரி தவறாக இருந்தால் திருத்தத்துக்கான விண்ணப்பத்தை எழுதி, தாயின் கையெழுத்தைப் பெற்று, மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும்.