சஃபாரிக்கு அட்வான்ஸ் கட்டப் போறீங்களா? பணம் திரும்பி வர வழி இருக்கான்னு முதல்ல பாருங்க



ஆகஸ்ட் மாசம், கென்யா, மசாய் மாரா. வில்டபீஸ்ட் கூட்டம் ஆத்தைக் கடக்குறதை டிவியில பார்த்த நாள்லேர்ந்து உங்களுக்கு இந்த ஆசை. போனஸ் வந்தாச்சு, லீவும் சொல்லியாச்சு. நைரோபியில இருக்குற டூர் ஆபரேட்டர் வாட்ஸ்அப்ல தன்மையா பேசுறார். ரெண்டு பேருக்கு 4,000 டாலர். "30 சதவீதம் அட்வான்ஸ் அனுப்புங்க, ரூம் பிளாக் பண்ணிடலாம்"னு இன்வாய்ஸும் வந்துடுச்சு.

அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம். 30 சதவீதம்னா 1,200 டாலர். கணக்குக்கு டாலர் 90 ரூபாய்னு வெச்சுக்கிட்டா 1,08,000 ரூபாய். நேர்ல பார்க்காத ஒருத்தருக்கு, கடல் தாண்டி அனுப்புறோம். அதனால கேட்க வேண்டிய முதல் கேள்வி "எதுல கட்டினா சார்ஜ் கம்மி?" இல்ல. "தப்பாப் போனா இந்தப் பணம் திரும்பி வர வழி இருக்கா?" என்பதுதான்.

1. முதல்ல ஆளைச் சரிபாருங்க

கென்யாவில் டூர் நிறுவனங்களுக்கு உரிமம் கொடுப்பது டிஆர்ஏ எனப்படும் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையம். டூர் ஆபரேட்டர்களுக்கு கேட்டோ என்ற சங்கமும் இருக்கு. ஆபரேட்டரோட வெப்சைட்ல இந்த லோகோ இருந்தா மட்டும் போதாது. லோகோவை யார் வேணும்னாலும் காப்பி பண்ணலாம். உரிம எண்ணைக் கேட்டு வாங்குங்க. சங்கத்தோட தளத்துக்கு நீங்களே போய் உறுப்பினர் பட்டியல்ல பேரைத் தேடுங்க. அங்கே இருக்குற போன் நம்பரும் உங்களோட பேசுறவர் நம்பரும் ஒண்ணான்னு பாருங்க.

அடுத்து விலை. 2024 ஜூலையிலிருந்து மசாய் மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஆகஸ்ட்ல "தங்குமிடம், சாப்பாடு, ஜீப், நுழைவு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 150 டாலர்"னு ஒருத்தர் சொன்னா, அது ஆஃபர் இல்லைங்க. கேட் டிக்கெட்டுக்கே பத்தாத கணக்கு.

2. வயரா, கார்டா?

பேங்க் வயர் டிரான்ஸ்ஃபர் என்பது கையில காசு கொடுத்த மாதிரி. எதிர்ல இருக்குறவர் கணக்குல ஏறிட்டா, அவர் சம்மதிக்காம திரும்பி வாங்குறது ரொம்பக் கஷ்டம். கிரெடிட் கார்டுல கட்டினா சார்ஜ்பேக் என்ற வழி இருக்கு. சேவை கிடைக்கலைன்னா, கம்பெனியே காணாமப் போயிட்டா, உங்க பேங்க்ல புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகள்ல பொதுவா சேவை கிடைச்சிருக்க வேண்டிய நாள்லேர்ந்து 120 நாள் அவகாசம் உண்டு. ஆனா காத்திருக்காதீங்க, விஷயம் தெரிஞ்ச அன்னிக்கே எழுதுங்க. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க: சிங்கம் கண்ணுல படலை, எனக்கு லீவு கேன்சல் ஆயிடுச்சுன்னெல்லாம் சார்ஜ்பேக் கேட்க முடியாது. அதுக்குத்தான் கேன்சலேஷன் விதியை முன்னாடியே படிக்கணும்.

"கார்டுன்னா 4 சதவீதம் எக்ஸ்ட்ரா"ன்னு ஆபரேட்டர் சொல்வார். கணக்குப் போடலாம்:

அட்வான்ஸ்: 1,08,000 ரூபாய்
ஆபரேட்டர் கேட்கும் 4 சதவீதம்: 4,320
கார்டின் ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5 சதவீதம்: 3,931
மார்க்கப் மேல 18 சதவீத ஜிஎஸ்டி: 708
கூடுதல் செலவு: 8,959 ரூபாய்

வலிக்கும்தான். இதை ஒரு லட்சத்துக்கு மேல இருக்குற தொகைக்குக் கட்டுற இன்சூரன்ஸ் பிரீமியமாப் பாருங்க. மார்க்கப் கம்மியான கார்டு இருந்தா செலவு இன்னும் குறையும். அட்வான்ஸை 20 சதவீதமாக் குறைக்கச் சொல்லியும் கேளுங்க. அப்போ ரிஸ்க்ல இருக்குறது 72,000 மட்டும்தான். மீதியை நைரோபி போய்ச் சேர்ந்ததும் தர முடியுமான்னும் கேட்டுப் பாருங்க.

கார்டு விவரத்தை மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. பெசாபால், டிபிஓ மாதிரி பேமெண்ட் கேட்வே லிங்க்தான் கேட்கணும். கட்டுறதுக்கு முன்னாடி பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் பயன்பாட்டை ஆன் பண்ணுங்க, முடிஞ்சதும் ஆஃப் பண்ணிடுங்க. பல வெளிநாட்டுத் தளங்கள்ல ஓடிபி கேட்காமலே பணம் போயிடும்.

3. வயர் மட்டும்தான்னா

சில நல்ல ஆபரேட்டர்களும் வயர் மட்டும்தான் வாங்குவாங்க. அப்போ மூணு விஷயம். கணக்கு கம்பெனி பேர்ல இருக்கணும், தனிநபர் பேர்ல இருக்கக் கூடாது. ஸ்விஃப்ட் கோட்ல 5, 6-வது எழுத்துகள் நாட்டைக் குறிக்கும். இந்திய பேங்க்னா ஐ-என், கென்யா பேங்க்னா கே-இ. நைரோபி கம்பெனி வேற நாட்டு பேங்க் கணக்கைக் கொடுத்தா காரணம் கேளுங்க. பேங்க் ஃபார்ம்ல காரணம் எழுதும்போது பயணம்னு உள்ளதை எழுதுங்க; "கிஃப்ட்னு போடுங்க"ன்னு யாராவது சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க. பேங்க் டிசிஎஸ் பிடிச்சா அது செலவு இல்ல, வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழிச்சுக்கலாம்.

4. கடைசி நேரத்து மெயில்

ஆபரேட்டர் நேர்மையானவரா இருந்தாலும் அவரோட மெயிலை வேற யாராவது ஹேக் பண்ணியிருக்கலாம். "எங்க கணக்கு ஆடிட்ல இருக்கு, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்க"ன்னு அதே ஐடியிலிருந்தே மெயில் வரும். கணக்கு எண் மாறினா அனுப்பாதீங்க. சங்கப் பட்டியல்ல இருக்குற நம்பருக்குப் போன் பண்ணி, எண்ணை அவரையே வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்க.

5. கட்டின பிறகு

ரசீது வாங்குங்க. பத்து நாள் கழிச்சு, நீங்க தங்கப் போற லாட்ஜுக்கு நேரடியா மெயில் போட்டு "எங்க பேர்ல புக்கிங் இருக்கா?"ன்னு கேளுங்க. இல்லைன்னு பதில் வந்தா ஆபரேட்டர்கிட்ட விளக்கம் கேளுங்க, மீதிப் பணத்தை நிறுத்தி வைங்க. இன்வாய்ஸ், சாட், ரசீது எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல சேமிச்சு வைங்க. சார்ஜ்பேக் கேட்குற நிலைமை வந்தா அந்த ஃபோல்டர்தான் உங்களுக்காகப் பேசும்.

இத்தனையும் கேட்டா ஆபரேட்டர் கோச்சுக்குவாரோன்னு தயங்காதீங்க. நல்ல ஆபரேட்டருக்கு இந்தக் கேள்விகள் பழகிப் போனவை. "இன்னிக்கே கட்டலைன்னா ரூம் போயிடும்"னு அவசரப்படுத்துறவர்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். ரூம் போனா வேற ரூம் கிடைக்கும். ஒரு வருஷம் சேர்த்த பணம் போனா, அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் மறுபடி சேர்க்கணும்.