யப்பானிய எழுத்துகளைக் கற்போம்

உயர்தரத்தில் யப்பானிய மொழியையும் ஒரு பாடமாகத் தெரிவு செய்யலாம். ஆயினும் அதன் எழுத்துகளைக் கண்டதும் பின்வாங்கும் மாணவிகள் உண்டு. தமிழ் படித்தவருக்கு அந்த அச்சம் தேவையில்லை.

யப்பானியர் மூவகை எழுத்துகளைக் கலந்து எழுதுவர். ஹிரகானா, கத்தகானா இரண்டும் ஒலி எழுத்துகள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46. பிறமொழிச் சொற்களும் நம் பெயர்களும் கத்தகானாவில் எழுதப்படும். மூன்றாவது, சீனாவிலிருந்து வந்த கன்ஜி. (நோன்புக் கஞ்சி அல்ல!) இவை பொருளைக் குறிப்பவை. பொதுப் பயன்பாட்டுக்கென வரையறுக்கப்பட்டவை 2136. அவற்றில் 1026 ஐ அங்குள்ள பிள்ளைகள் ஆரம்பப் பாடசாலையிலேயே கற்கின்றனர்.

நமக்குள்ள வசதி

ஹிரகானா அட்டவணை அ, இ, உ, எ, ஒ என்றே தொடங்குகிறது. பின்னர் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ வரிசைகள். நம் நெடுங்கணக்கை ஒத்த இவ்வொழுங்கு, சமஸ்கிருத எழுத்துகளைக் கற்ற பௌத்த துறவிகள் வழியே அங்கு சென்றது. குறில், நெடில் வேறுபாடும் நமக்குப் புதிதல்ல. 'ஒபசன்' என்றால் மாமி. 'ஒபாசன்' என்றால் பாட்டி!

பயிற்சி முறை

1. கணிதப் பாடத்துக்கான சதுரக் கொப்பியில் நான்கு சிறு சதுரங்களை ஒரு கட்டமாகக் கொள்ளுங்கள். நடுவில் அமையும் சிலுவைக் கோடு எழுத்தின் அளவைச் சீராக்கும்.

2. நாளுக்கு ஐந்து எழுத்துகளை உச்சரித்தபடி எழுதினால் பத்து நாட்களில் ஹிரகானா முடியும்.

3. அட்டையின் ஒருபுறம் எழுத்தையும் மறுபுறம் ஒலியையும் எழுதுங்கள். தடுமாறும் அட்டைகளை நாள்தோறும், தெரிந்தவற்றை வாரம் ஒருமுறை பாருங்கள்.

4. கோடுகளின் ஒழுங்கைக் கைபேசிச் செயலியில் பார்த்தபின், அதை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதுங்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடுவது வேறு. வெற்றுக் கட்டத்தை நிரப்புவது வேறு.

கோட்டொழுங்கு அழகுக்காக மட்டுமல்ல. கத்தகானாவில் 'ஷி', 'ட்ஸு' இரண்டுமே இரு சிறு கோடுகளும் ஒரு நீள் கோடும் கொண்டவை. 'ஷி'யின் நீள் கோடு கீழிருந்து மேலே செல்லும். 'ட்ஸு'வினது மேலிருந்து கீழே இறங்கும். எழுதிப் பழகிய கைக்கு இது இலகுவில் புரியும். பார்த்து மட்டும் பழகிய கண் நெடுநாள் குழம்பும்.

கன்ஜியும் அப்படியே. மரத்தைக் குறிக்கும் 'கி' நான்கு கோடுகள். இரு மரங்கள் சேர்ந்தால் தோப்பு. மூன்று சேர்ந்தால் காடு. மரத்தருகே மனிதனை நிறுத்தினால் ஓய்வு. தோப்பை எழுதும்போது, பக்கத்து மரத்துக்கு இடம்விட்டு இடப்புற மரத்தின் கடைசிக் கோடு குறுகும். இதைக் கைதான் முதலில் கற்கும்.

பெண்களின் எழுத்து

கன்ஜியை விரைந்து எழுதியதில் உருவானதே ஹிரகானா. ஒரு காலத்தில் அது 'பெண்கை' எனப்பட்டது. கல்வியும் அரச அலுவலும் ஆண்களின் சீன எழுத்தில் நடக்க, அரசவைப் பெண்கள் தம் எண்ணங்களை ஹிரகானாவில் எழுதினர். 11 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாக்கி ஷிகிபு என்ற பெண் படைத்த 'கெஞ்சியின் கதை' இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

பெற்றோரே, பிள்ளை யப்பானிய மொழி படிக்க விரும்பினால் முதலில் வேண்டியது விலையுயர்ந்த கருவியல்ல. ஒரு சதுரக் கொப்பி, ஒரு பென்சில், நாள்தோறும் கால்மணி நேர அமைதி. இவை போதும்.