சீட்டை எடுக்கும் முன்

மாப்பிள்ளைக்கு,

சீட்டை எடுத்து, பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பாவுக்குக் கொரியா மசாஜ் பெட் வாங்கப் போகிறாய் என்று உங்கம்மா போனில் சொன்னாள். எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கு, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

அந்தக் கொரியாப் படுக்கை மேல் எனக்கு வெறுப்பில்லை. பவர் டேபிளில் நாளெல்லாம் குனிந்து தைத்தவனுக்குச் சூடான கல் உருளை முதுகுத்தண்டோரம் ஏறி இறங்கினால் சொர்க்கம்தான். இறுகின தசை தளரும், வலி கொஞ்ச நேரம் மட்டுப்படும், தூக்கம் வரும். ஆனால் இலவசமாகப் படுக்கவைத்துக் காட்டி அதை விற்கும் கடைகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நடந்து வருகிறவர்கள். சூடு தாங்காவிட்டால் எழுந்துவிடுவார்கள். அப்பாவுக்கு இடப்பக்கம் உணர்ச்சியே பாதிதான். தோல் வெந்தால்கூடத் தெரியாது. செயலிழந்த கையை உருளை எழுப்பிவிடும் என்று எவன் சொன்னாலும் நம்பாதே. அடிபட்டது மூளை. கையைத் திரும்பத் திரும்ப வேலை வாங்கித்தான் மீட்க முடியும்.

படுத்தே கிடப்பவருக்கு முதலில் வேண்டியது ஏர் பெட். மெடிக்கல் கடையில் கேள். மோட்டார் அதன் குழாய்களை மாற்றி மாற்றி ஊதி இறக்கும். பாரம் ஒரே இடத்தில் நிற்காது. விலையும் நீ பேசிவைத்திருப்பதில் சிறு பங்குதான். அது இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டத்தான் வேண்டும். புரட்டும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பார். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. சுற்றுத் தோலைவிடக் கறுத்து, சூடாக, கெட்டியாக இருந்தால் புண் தொடங்குகிறது. அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்காதே, உங்கம்மாவிடமும் சொல்லிவை. ஓவர்லாக் அடித்து ஒட்டுப்போட்ட பனியன் துணியை விரிக்காதே. அந்தத் தையல் மேடு இடுப்புக்கடியில் வந்தால் ராத்திரிக்குள் தோலில் வரி விழும், உனக்குத் தெரியாததா!

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் மசாஜ் என்ற பேச்சே வேண்டாம். ரத்தக்கட்டியாக இருக்கலாம், பிசைந்தால் நுரையீரலுக்கு ஏறிவிடும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பிசியோதெரபிக்கு ஆட்டோவில் தூக்கிப்போட்டு அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடு. கம்பெனியில் உனக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால், அப்பாவுக்கும் அதில் வைத்தியம் உண்டா என்று ஆபீசில் விசாரி.

அவரை உட்கார வை. முதலில் தலையணை முட்டுக் கொடுத்து, பிறகு கட்டில் ஓரத்தில், பிறகு நாற்காலியில். வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் வந்ததும் அவர் முயற்சியால்தான். எல்லாருக்கும் அது வாய்க்காது, தெரியும். ஆனால் அப்பா உட்கார்ந்து தன் கையால் டீ குடிக்கட்டும், வீடே வேறாகிவிடும்.

அவர் தானாகப் புரண்டு படுக்கிற நிலைக்கு வந்து, டாக்டரும் சரி என்றால், அந்தக் கடைக்கே கூட்டிப்போ. சூட்டைக் குறைத்துவைக்கச் சொல்லி, நீ பக்கத்திலேயே நில். இலவசம்தானே, பத்து நாள் படுத்துப் பார்க்கட்டும். சுகமாக இருக்கிறதா என்று விற்கிறவனிடம் கேட்காதே, அவரிடம் கேள். அப்புறம் விலை பேசலாம்.

உன் மாமா