தோட்டத்து வீட்டு முதியவருக்கு ஏற்ற துப்பாக்கி எது?

ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை வட்டாரங்களில் ஊரை விட்டு விலகி, ஆழ்குழாய்க் கிணற்றடியிலேயே வீடு கட்டிக் குடியிருப்போர் பலர். பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, முந்திரித் தோப்பின் நடுவே வயதான தம்பதிகள் மட்டும் தங்கும் வீடுகளும் உண்டு. காவலுக்குத் துப்பாக்கி வாங்கலாமா, வாங்கினால் எந்த வகை கைக்கு அடங்கும் என்று இத்தகையோர் விசாரிப்பது இயல்பே.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கக் கூடாது. மீறினால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி உடல்நலம், மனநலம் பற்றிய மருத்துவச் சான்றும், ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதாக உறுதிமொழியும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் தேவை.

பயிர்க் காவலுக்கென்று தரப்படுவது பெரும்பாலும் குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. (அந்த உரிமம் இருந்தாலும் விராலிமலைப் பக்கத்து மயில்களைச் சுடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி அது பெருங்குற்றம்.) வீட்டுக் காவலுக்கு இந்தத் துப்பாக்கி உதவாது. ஒரு முறை சுட்டபின் மருந்து, அடைப்பு, ரவை என்று மீண்டும் இடித்துக் கெட்டிக்க வேண்டும். இருட்டில், நடுங்கும் கையால் அது ஆகாத காரியம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மருந்து நமுத்துப் போகும். முன்கூட்டியே கெட்டித்து மூலையில் சாத்தி வைப்பதோ அதைவிட ஆபத்து.

கைத்துப்பாக்கிதான் முதியவருக்குச் சுலபம் என்பது சினிமா பார்த்து வந்த எண்ணம். பெண்களுக்கென்று கான்பூர் அரசு ஆலை 2014இல் வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வரின் எடை சுமார் 500 கிராம்தான். ஆனால் எடை குறைந்தால் உதை கூடும். குழல் குட்டையானதால் மணிக்கட்டு சிறிது அசைந்தாலும் குறி தவறும். மூட்டு வாதம் கண்ட விரலுக்கு ரிவால்வரின் விசையை இழுப்பதே சிரமம்.

எஞ்சுவது தோளில் அணைத்துச் சுடும் 12 போர் தோட்டாத் துப்பாக்கி. குழல் 20 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். இரட்டைக்குழல் என்றால் எடை சுமார் 3 கிலோ. ஒற்றைக்குழல் இதைவிட இலேசு, ஆனால் உதை அதிகம். கை தாங்கினால் இரட்டைக்குழலே மேல்.

புதுக்கோட்டை சமஸ்தானத்து ஆயுதசாலையில் ஒரு காலத்தில் வளரித் தடிகளைச் சேமித்து வைத்திருந்தார்கள். வளரிக்கு வீசும் தோள் வேண்டும். துப்பாக்கிக்கு அது வேண்டாம் என்று நினைப்பது தவறு. ஆகவே கடையிலேயே, தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, சோதித்துப் பார்க்க வேண்டும். பின்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரல் விசையைத் தொட வேண்டும். எட்டவில்லையென்றால் கட்டை நீளம். தோளில் ஏற்றி 20 எண்ணும்வரை பிடிக்க வேண்டும். அதற்குள் குழல் முனை தாழ்ந்தால் அந்தத் துப்பாக்கி அவருக்கு ஆகாது. பிறகு குழலை மடக்கித் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். வெளியே சுத்தி இல்லாத வகையில், திறக்கும்போதே உள்விசை ஏறுவதால் சற்று வலுத் தேவை. வெளிச்சுத்தி உள்ள பழைய வகை திறக்க இலேசு; ஆனால் ஏற்றிய சுத்தியைக் கட்டை விரலால் மெல்ல இறக்க வேண்டும். விரல் வழுக்கினால் வெடித்துவிடும். பிடிப்பு தளர்ந்தவர்கள் அதைத் தவிர்ப்பது நலம்.

பின்கட்டையில் ரப்பர் பட்டை பொருத்தினால் உதை குறையும். கட்டையைத் தோளோடு இறுக அணைக்காமல் சுடுபவருக்கே அடி அதிகம். வீட்டில் தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாக்களை வேறொன்றிலும் பூட்டி வைக்க வேண்டும். விடுமுறைக்குப் பேரப் பிள்ளைகள் வரும் வீடு என்பதை மறக்கலாகாது.

குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை நம் மாவட்டத்தார் அறிவர். 2021 டிசம்பர் 30 அன்று நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் பயிற்சி நடந்தபோது, தொலைவில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாட்களில் சிறுவன் இறந்தான். 12 போரின் சிறு ரவை 300 மீட்டருக்குள் ஓய்ந்து விழுந்துவிடும். பெரிய ரவை அதைத் தாண்டிப் போகும். பக்கத்துத் தோட்டத்தில் வீடு இருந்தால் சிறு ரவைத் தோட்டாவே போதும். அதுவும் அருகில் உயிரைப் பறிக்கும். வந்திருப்பது யார் என்று டார்ச் வெளிச்சத்தில் தெரியாமல் விசையில் விரல் வைக்கவே கூடாது. இரவில் வாசலைத் தட்டுவது கடைசிப் பேருந்தை விட்ட மகனாகவும் இருக்கலாம். தற்காப்பு உரிமையைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்ய இடம் தரவில்லை.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அந்த வாரங்களில் வாசல் விளக்கும், நல்ல தாழ்ப்பாளும், குரைக்கும் நாயும்தான் காவல். மற்ற நாட்களிலும் இவை முதலில் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே உரிமம் உள்ளவர் மேற்சொன்ன சோதனையை ஆண்டுக்கொரு முறை செய்து பார்ப்பது நல்லது. கண்புரையோ கை நடுக்கமோ கண்டால் பிடிவாதம் வேண்டாம். 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அதைத் தம் வாரிசு ஒருவருக்கு மாற்றித் தர விதிகளில் வழி உண்டு. அந்த வாரிசு தம் பெயரில் தனியே உரிமம் பெற வேண்டும். வாரிசு வெளிநாட்டில் இருந்தால், ஆட்சியர் அலுவலகத்தில் விவரம் கேட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் விற்றுவிடலாம்.