உதட்டில் ஒட்டும் பாலைப்பழம்

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் காட்டில் பாலை மரம் காய்த்துக் கொட்டுகிறது. பாட்டி தின்னச் சொல்கிறார், பிள்ளைகள் தயங்குகிறார்கள். தின்னலாமா?
– வாசகர், ஓமந்தூர்

பதில்: தாராளமாகத் தின்னலாம். ஆனால் மரம் உலக்கைப்பாலைதானா என்று முதலில் பாருங்கள். வெட்பாலை, ஏழிலைப்பாலை எல்லாம் வேறு; அவற்றின் காயை வாயில் வைக்கக் கூடாது. உலக்கைப்பாலையின் இலை தடித்து, நுனியில் சற்றே உள்வாங்கியிருக்கும். பழம் வேப்பம்பழம் போல மஞ்சளாக, உள்ளே பளபளக்கும் பழுப்பு விதையோடு இருக்கும்.

காயில் பால் அதிகம். நன்றாகக் கனிந்ததை மட்டும் எடுங்கள். அப்போதும் உதடு கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். குஜராத்தில் இதை ‘ராயண்’ என்று விற்கிறார்கள், உலர்த்தியும் வைக்கிறார்கள். ஈழத்து வன்னியில் பாலைப்பழக் காலம் வந்தால் தெருவோரங்களில் வியாபாரம் நடக்கும். நம் பக்கம்தான் இது சந்தைக்கே வராமல் காக்கைக்கும் வௌவாலுக்கும் போகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு, ஏனென்றால் நாம் காசு கொடுத்து வாங்கும் சப்போட்டாவே இதன் உறவுதான். நாற்றுப் பண்ணைகளில் பாலைக் கன்றின் மேல்தான் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுகிறார்கள். வறட்சியைத் தாங்கும் வேர் அது.

மரம் மிக மெதுவாக வளரும். வைரம் பாய்ந்த கட்டை உலக்கைக்கும் செக்குக்கும் ஆனதால் வெட்டுப்பட்டவை ஏராளம். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டின் முக்கிய மரங்களில் ஒன்று இது. அந்தக் காட்டின் மிச்சம் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் போன்ற இடங்களில்தான் நிற்கிறது. தின்ற பழத்தின் விதையை எறியாமல், காயவிடாமல், உடனே மண் நிரப்பிய பையில் ஊன்றுங்கள்.