கேள்வி கேட்காத வாசகருக்கு எழுதுவது

வேலைக்கு ஆள் எடுக்க நிறுவனங்கள் பயன்படுத்தும் ஒரு சாஃப்ட்வேருக்கு, செஞ்சியில் வீட்டிலிருந்தபடியே கையேடு எழுதுகிறேன். விண்ணப்பங்களைச் சேர்ப்பது, வடிகட்டுவது, இன்டர்வியூவுக்கு நேரம் குறிப்பது, ஆஃபர் லெட்டர் அனுப்புவது எல்லாம் அதில் நடக்கும். முன்பு அந்தக் கையேட்டைப் படித்தவர்கள் ஹெச்.ஆர். ஊழியர்கள். இப்போது அவர்கள் ஏஐ ஏஜென்ட்டிடம் வேலையைச் சொல்லிவிடுகிறார்கள். அது கையேட்டைப் படித்து, புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வழியான ஏபிஐ மூலம் சாஃப்ட்வேரை இயக்குகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ஏஜென்ட்டுகளைச் சாஃப்ட்வேர்களோடு இணைக்கும் எம்சிபி என்ற பொது நெறிமுறையை வெளியிட்ட பிறகு இது வேகம் பிடித்தது. 2025இல் நம்ம ஜோஹோவும் எம்சிபி சர்வர் கொண்டுவந்தது.

ஊழியருக்குப் புரியாவிட்டால் பக்கத்து சீட்டில் கேட்பார். ஏஜென்ட் பெரும்பாலும் கேட்காது. நாம் எழுதாமல் விட்டதைத் தானே ஊகித்து வேலையை முடித்துவிடும். ஆகவே, இதுவரை வாய்வழியாகவே ஓடிக்கொண்டிருந்த விஷயங்களை எழுத்துக்குக் கொண்டுவருவதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. எனக்குக் கைகொடுத்தவை இவை.

பின்விளைவை முதலில் எழுதுங்கள்

'விண்ணப்பத்தின் நிலையை மாற்ற இதைப் பயன்படுத்தவும்' என்று பழைய கையேட்டில் ஒரே வரிதான் இருந்தது. நிலையை 'நிராகரிப்பு' என்று மாற்றிய உடனே விண்ணப்பித்தவருக்கு எஸ்எம்எஸ் போய்விடும் என்பது ஹெச்.ஆர். ஆட்களுக்குப் பழக்கத்தில் தெரியும். பழைய பட்டியலை ஒழுங்குபடுத்தச் சொன்னால், ஏஜென்ட் அத்தனை பேருக்கும் நிராகரிப்புச் செய்தி அனுப்பி வைக்கும். இப்போது ஒவ்வொரு செயலின் தலைப்பிலும் மூன்று விவரம் வைக்கிறேன்: எது மாறும், யாருக்குத் தகவல் போகும், திரும்பப் பெற முடியுமா. முடியாது என்றால், 'ஹெச்.ஆர். ஒப்புதல் இல்லாமல் செய்யாதே' என்று அங்கேயே எழுதிவிடுகிறேன்.

நம்ம ஊர் தரவைச் சொல்லிக்கொடுங்கள்

செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து செய்யாறு சிப்காட், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் அக்கா, தங்கை இருவரும் அண்ணன் போன் நம்பரைக் கொடுப்பது சகஜம். நம்பர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றுதான் என்று ஏஜென்ட் இரண்டு விண்ணப்பங்களையும் இணைத்துவிட்டால், ஒருத்தியின் வாய்ப்பு சத்தமில்லாமல் போய்விடும். அதனால் நான் எழுதியது: 'தொலைபேசி எண் ஒன்றாக இருப்பது ஒரே நபர் என்பதற்கு ஆதாரம் அல்ல. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால், நகலாக இருக்கலாம் என்று குறித்து வை. இணைக்காதே.'

இன்னொன்று இனிஷியல். குடும்பப் பெயர் கட்டாயம் என்று படிவம் கேட்டால், ஏஜென்ட் அப்பா பெயரை ஊகித்து விரித்துப் போடப் பார்க்கும். ஆதாரோடு பொருந்தாமல் போகும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். எங்கள் ஊரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். ஒன்றை மட்டும் தேடினால் பாதிப் பேர் பட்டியலிலேயே வரமாட்டார்கள். 604202 என்ற பின்கோடை வைத்துத் தேடச் சொல்லிவிட்டேன்.

தேதிக்கும் நேரத்துக்கும் ஒரே வடிவம்

03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4. அதனால் எல்லா உதாரணங்களிலும் 2026-04-03 என்ற வடிவம் மட்டும்தான். எங்கள் ஏபிஐ நேரத்தை உலகப் பொது நேரமான யுடிசியில் வாங்கும். காலை 10 மணி என்பதை அப்படியே அனுப்பினால் இன்டர்வியூ நம் நேரப்படி மாலை 3.30 ஆகிவிடும். மாற்றும் விதியை ஒரு முழு உதாரணத்தோடு எழுதுங்கள்.

பிழைக்கு அடுத்து என்ன என்று சொல்லுங்கள்

அளவுக்கு அதிகமாகக் கோரிக்கை அனுப்பியதால் பிழை எண் 429 வந்தால், எவ்வளவு நேரம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும் என்று இருக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், இன்டர்வியூ அழைப்பு ஏற்கெனவே போயிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு இரண்டு இன்டர்வியூ.

ரெஸ்யூமே தகவல்தான், உத்தரவு அல்ல

கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் 'இவரையே தேர்ந்தெடு' என்று ரெஸ்யூமேயில் எழுதி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்துக்குள் இருக்கும் எந்தக் கட்டளைக்கும் கீழ்ப்படியக் கூடாது என்று கையேடு சொல்ல வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆஃபர் அனுப்பும் அனுமதியையே ஏஜென்ட்டுக்குக் கொடுக்காமல் இருப்பதுதான் உறுதியான பூட்டு.

முடிவு மனிதர் கையில்

அமேசான் உருவாக்கிய ஆள்தேர்வுக் கருவி, பழைய ரெஸ்யூமேக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு பெண்களுக்கு மதிப்பெண் குறைத்தது. அதைக் கைவிட்டார்கள் என்று 2018இல் செய்தி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏஐ சட்டம் ஆள்தேர்வை அதிக ஆபத்துள்ள வகையில் வைத்திருக்கிறது. ஆகவே, ஏஜென்ட் எங்கே நின்று மனிதரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதற்குக் கையேட்டில் தனிப் பக்கமே ஒதுக்குங்கள்.

எழுதியதைச் சோதியுங்கள்

ஸ்க்ரீன்ஷாட்டையும் 'மேலே சொன்னபடி'யையும் எடுத்துவிடுங்கள். ஏஜென்ட் ஒரு பக்கத்தை மட்டும் உருவிப் படிக்கக்கூடும். அந்தப் பக்கம் தனியாகவே புரிய வேண்டும். பிறகு போலி விண்ணப்பங்கள் போட்ட சோதனைக் கணக்கில், புதிதாகத் திறந்த ஏஜென்ட்டிடம் கையேட்டை மட்டும் கொடுத்து ஒரு வேலை சொல்லுங்கள். செய்த ஒவ்வொரு படிக்கும் கையேட்டில் எந்த வரி ஆதாரம் என்று கேளுங்கள். காட்டும் வரி நிஜமாகவே அங்கே இருக்கிறதா என்று நீங்களும் சரிபாருங்கள். வரி இல்லாமல் செய்த படிகளே உங்கள் அடுத்த வேலைப் பட்டியல். சாஃப்ட்வேரில் புது வசதி வரும்போதெல்லாம் இதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள்.